பளபளன்னு இருந்தா சந்தேகப்படுங்க!
பழைய வின்செஸ்டர் ரைஃபிள் ஒரிஜினலா என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. மேசை மேல் இரண்டு ரைஃபிள்கள் இருக்கு. இரண்டுமே வின்செஸ்டர் 1873 மாடல். இரண்டுக்கும் வயது நூற்று நாற்பது இருக்கும். ஒன்று கருநீலத்தில் மின்னுது, அதோட மரக்கட்டை வார்னிஷ் போட்டு கண்ணாடி மாதிரி இருக்கு. இன்னொன்று சாம்பலும் பழுப்புமாக மங்கிப் போயிருக்கு. கட்டையில் கீறல், மூலைகளில் தேய்மானம். ஒன்றை எடுத்துக்கோங்க என்றால் எதை எடுப்பீங்க?

நம்மில் பெரும்பாலானவங்க கை மின்னுற பக்கம்தான் போகும். அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்யும் ஒரு ஏலக்காரரோ, நாற்பது வருஷமாகச் சேர்க்கும் ஒரு சேகரிப்பாளரோ மங்கினதைத்தான் முதலில் கையில் எடுப்பார். மின்னுவதைப் பார்த்து அவர் கேட்கும் முதல் கேள்வி, "இதை யார் பாலிஷ் போட்டது?" என்பதாகத்தான் இருக்கும். ஒரே மாடல், ஒரே வருஷம். ஆனாலும் இரண்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் வரலாம். அந்த வித்தியாசத்துக்குப் பெயர்தான் 'ஒரிஜினாலிட்டி'.

நாம யாரும் இதை வாங்கப் போறதில்லை. அப்புறம் எதுக்கு இந்தக் கட்டுரை? காரணம் இருக்கு. ஒரு பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒரிஜினலா என்று தீர்மானிக்கும் முறை முழுக்க முழுக்க நம்ம சிலபஸ். மெட்டலர்ஜி, மெட்ராலஜி, மேனுஃபேக்சரிங், கொஞ்சம் தடயவியல். மூணாவது செமஸ்டரில் மனப்பாடம் பண்ணி மறந்த கேஸ் ஹார்டனிங், இங்கே பல லட்ச ரூபாய் கேள்வியாக வந்து நிற்கும்.

டெக்ஸ் வில்லர் கையில் இருக்குமே, அதுதான்

லயன் காமிக்ஸ் படிச்சவங்களுக்கு அறிமுகமே தேவையில்லை. டெக்ஸ் வில்லர் கையில் இருப்பது வின்செஸ்டர்தான். படிக்காதவங்க 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' மாதிரி ஏதாவது ஒரு கௌபாய் படத்தை நினைச்சுக்கோங்க. ட்ரிகரைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் போல்ட் பின்னால் போகும், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும், ஹேமர் பின்னுக்குச் சாய்ந்து தயாராகும். பேரலுக்குக் கீழே இருக்கும் நீளக் குழாயிலிருந்து அடுத்த தோட்டாவை கேரியர் என்ற பாகம் மேலே தூக்கும். லீவரை மேலே இழுத்தால் போல்ட் முன்னால் வந்து தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும். அவ்வளவுதான். ஒரு கை அசைவில் ஒரு முழு சைக்கிள்.

1860-இல் ஹென்றி ரைஃபிள், 1866-இல் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் வின்செஸ்டர் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கம்பெனி, பிறகு 1873, 1876, 1886, 1892, 1894 என்று வரிசையாக மாடல்கள். இதில் 1886, 1892, 1894 மூன்றும் ஜான் பிரவுனிங்கின் டிசைன். 1873 மாடல் மட்டும் 7,20,000-க்கும் மேல் தயாரானது. ஆக, பழைய வின்செஸ்டர் என்பது அபூர்வப் பொருள் இல்லை. நியூ ஹேவன் ஃபேக்டரியை விட்டு வெளியே போன அதே நிலையில் இன்னும் இருக்கும் வின்செஸ்டர்தான் அபூர்வம்.

'ஒரிஜினல்' என்பது ஒரு கேள்வி இல்லை, நாலு கேள்வி

"இது ஒரிஜினலா?" என்று யாராவது கேட்டால், அதை நாலாக உடைச்சுடணும்.

ஒன்று, இது உண்மையிலேயே அந்தக் காலத்தில் அந்தக் கம்பெனி செய்ததா? இத்தாலியில் ஊபெர்த்தி, ஜப்பானில் மிரோக்கு போன்ற கம்பெனிகள் இன்றைக்கும் இதே வடிவத்தில் நல்ல ரைஃபிள்கள் செய்கின்றன. அவை நேர்மையான நகல்கள், தப்பே இல்லை. அதன் முத்திரைகளை அராவி எடுத்துவிட்டு, ஆசிட் ஊற்றிப் பழசாக்கி விற்பதுதான் தப்பு.

இரண்டு, எல்லாப் பாகங்களும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக இருந்தவையா? இல்லை, அஞ்சு துப்பாக்கியின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியதா?

மூன்று, மேல்பூச்சு, அதாவது ஃபினிஷ், ஃபேக்டரி போட்டதா? பின்னால் யாராவது போட்டதா?

நாலு, இதோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை உண்மையா?

இந்த நாலுக்கும் பதில் தனித்தனி. முதல் கேள்வியில் பாஸாகி மூன்றாவதில் ஃபெயிலாகும் ரைஃபிள்கள் ஏராளம். ஏமாற்று வேலை பெரும்பாலும் ஒரு கேள்விக்கான பதிலைக் காட்டி இன்னொன்றை நம்ப வைப்பதில்தான் நடக்கும். "பாருங்க, இது நிஜமான வின்செஸ்டர்" என்பது உண்மையாக இருக்கும். அந்த வேகத்தில் ஃபினிஷையும் நம்பிடுவோம்.

நம்பர் என்ன சொல்லும், என்ன சொல்லாது

எந்தப் பழைய துப்பாக்கியையும் கையில் எடுத்ததும் முதல் வேலை, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. இது நூறு வருஷத்துப் பொருளுக்கும் பொருந்தும். அடுத்தது சீரியல் நம்பர். 1873 மாடலில் அது கீழ்ப்பக்கம், ட்ரிகருக்குப் பின்னால் கட்டையோடு சேரும் இரும்புப் பட்டையில் இருக்கும். 1894 மாடலில் ரெசீவரின் அடியில், முன்பக்கம் இருக்கும். ரெசீவர் என்பது எல்லா மெக்கானிசமும் உட்காரும் நடுப்பெட்டி.

வின்செஸ்டர் ஃபேக்டரியின் பழைய பதிவேடுகளில் கணிசமான பகுதி இன்றும் பத்திரமாக இருக்கு. வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரில் இருக்கும் கோடி ஃபயர் ஆர்ம்ஸ் மியூசியம் அவற்றை வைத்திருக்கிறது. சீரியல் நம்பரைக் கொடுத்துக் கேட்டால், பதிவு இருக்கும் பட்சத்தில், அது ரைஃபிளா கார்பைனா, பேரல் எட்டுப் பட்டையா உருண்டையா, என்ன ட்ரிகர், கிடங்குக்கு எப்போது வந்தது, எப்போது அனுப்பப்பட்டது என்று கடிதமாகவே தருவார்கள். கிட்டத்தட்ட பிறப்புச் சான்றிதழ் மாதிரி.

இங்கேதான் கவனம் வேணும். பிறப்புச் சான்றிதழ் அந்த ஆள் எப்படிப் பிறந்தான் என்று சொல்லும். இப்போது எப்படி இருக்கிறான் என்று சொல்லாது. பதிவேட்டில் 'எட்டுப் பட்டை பேரல்' என்று இருந்து, உங்கள் எதிரில் உருண்டைப் பேரல் இருந்தால், பேரல் மாறியிருக்கு என்று புரியும். ஆனா பதிவேட்டில் எட்டுப் பட்டை, கையிலும் எட்டுப் பட்டை என்றால் அது அதே பேரல்தான் என்று ஆகிவிடாது. கடிதத்தை முதலில் வாங்கி, அதற்கு ஏற்ற மாதிரி பேரலைத் தேடி மாட்டியிருக்கவும் வாய்ப்பு இருக்கே!

நம்பரை மாற்ற இன்னொரு காரணமும் இருக்கு. அமெரிக்கச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் தயாரான துப்பாக்கி 'பழம்பொருள்' வகை. விற்க வாங்க கட்டுப்பாடு குறைவு, அதனால் மவுசு அதிகம். 1894 மாடல் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் லட்சக்கணக்கில் தயாரானது. ஒரு இலக்கம் மாறினால் விலையும் மாறும்.

அராவப்பட்ட நம்பரைக் கண்டுபிடிக்க முடியுமா? பல நேரங்களில் முடியும். ஸ்டாம்ப் அடிக்கும்போது எழுத்துக்கு அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கி பிளாஸ்டிக் டிஃபர்மேஷன் ஆகிறது. மேலே இருப்பதை அராவினாலும் அடியில் இருக்கும் அந்த நசுங்கல் மிச்சம் இருக்கும். அமிலம் தடவினால் நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கும், பழைய இலக்கம் நிழல் மாதிரி மேலே வரும். தடயவியல் லேப்களில் செய்வது இதையேதான்.

மெட்டலர்ஜி லேப் இங்கே ஆரம்பம்

இந்த ரைஃபிள்களின் மேற்பரப்பில் முக்கியமாக மூன்று வகை நிறம் இருக்கும்.

முதலாவது, கேஸ் ஹார்டனிங் நிறம். குறைந்த கார்பன் இரும்புப் பாகத்தை எலும்புக் கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டியில் வைத்து, சுமார் 800 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் சூடாக்குவார்கள். கார்பன் மேற்பரப்புக்குள் ஊறும். பிறகு அப்படியே தண்ணீரில் கொட்டிக் குளிர்விப்பார்கள். வெளித்தோல் கடினமாகும், உள்ளே மென்மை மிச்சம் இருக்கும். கூடவே மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் நீலம், பழுப்பு, வைக்கோல் மஞ்சள் என்று மேகம் மேகமாக நிறம் தெரியும். ரோட்டில் தேங்கிய தண்ணீரில் டீசல் சிந்தினால் வானவில் தெரியுமே, அதே இண்டர்ஃபியரன்ஸ். லீவரும் ஹேமரும் பெரும்பாலும் இப்படித்தான் முடிக்கப்பட்டன. 1886 மாடலில் தொடக்கத்தில் ரெசீவரும் இப்படித்தான் வந்தது.

இரண்டாவது, பேரலின் கருநீலம். பழைய முறையில் இதுக்குப் பொறுமை வேணும். அமிலக் கரைசல் தடவி இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவார்கள். பிறகு கொதிநீரில் போட்டால் சிவப்புத் துரு கறுப்பு மேக்னடைட் ஆக மாறும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி துரு, மறுபடி கொதிநீர். பல சுற்று போனால் ஆழமான ஒரு நீலக் கறுப்பு கிடைக்கும்.

மூன்றாவது, லோடிங் கேட் போன்ற சின்னப் பாகங்களில் தெரியும் மயில் கழுத்து நீலம். இரும்பைச் சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கும்போது வரும் டெம்பரிங் நிறம்.

இதெல்லாம் எதுக்குத் தெரியணும்? 1930-களுக்குப் பிறகு பரவலான முறை வேறு. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரியில் கொதிக்க வைத்து மொத்தத் துப்பாக்கியையும் முக்கி எடுப்பது. வேகம், மலிவு, ஒரே சீரான பளபளக் கறுப்பு. 1885-இல் செய்த ரைஃபிளில் அந்தச் சீரான கறுப்பு தெரிந்தால், அது பின்னால் போட்டது. ஃபேக்டரியில் வெவ்வேறு பாகத்துக்கு வெவ்வேறு ஃபினிஷ் இருக்கும். எல்லாப் பாகமும் ஒரே நிறத்தில் இருந்தால் எல்லாம் ஒரே தொட்டியில் குளிச்சிருக்கு என்று அர்த்தம்.

அதே மாதிரி கேஸ் ஹார்டனிங் நிறத்தையும் போலியாகப் போடுவார்கள். கேஸ் டார்ச்சால் சூடுகாட்டினாலே நிறம் வரும். ஆனா அது டார்ச் போன பாதையில் வட்டம் வட்டமாகவோ பட்டை பட்டையாகவோ இருக்கும். எலும்புக் கரியில் வருவது மேகம் மாதிரி, எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதுன்னு சொல்ல முடியாது.

தேய்மானத்துக்கு ஒரு லாஜிக் உண்டு

சரி, நல்ல ஃபினிஷ் என்றே வைத்துக்கொள்வோம். நூற்று நாற்பது வருஷத்தில் அது எங்கே போகும்? கை படும் இடத்தில்தான் போகும். நம்ம வீட்டு அம்மிக்கல்லில் குழி எங்கே விழுந்திருக்கு என்று பார்த்தாலே அரைச்ச கை எப்படிப் போய் வந்தது என்று தெரியும் இல்லையா? அதே கணக்கு.

லீவர் ரைஃபிளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடப்பவர் எடை சமமாகும் இடத்தில், ரெசீவருக்கு அடியில்தான் பிடிப்பார். அங்கே நீலம் போய் வெள்ளி மாதிரி இருக்கும். குதிரைச் சேணத்தின் தோல் உறையில் செருகி எடுத்திருந்தால், பேரல் நுனியும் பக்கவாட்டு விளிம்புகளும் தேய்ந்திருக்கும். கேஸ் ஹார்டனிங் நிறம் வெயிலிலும் கைப்பட்டும் மங்கும். ஹேமருக்குப் பக்கத்துப் பள்ளத்திலும், லீவர் மறைக்கும் இடத்திலும் மட்டும் பிரகாசமாகத் தங்கியிருக்கும்.

ஆக, சோதனை சுலபம். மறைந்த இடத்தில் நிறம் இருந்து வெளியே மங்கியிருந்தால் இயற்கை. வெளியே பளிச்சென்று இருந்து பள்ளத்தில் நிறமே இல்லை என்றால் யாரோ வேலை பார்த்திருக்கார். எல்லா இடத்திலும் ஒரே அளவு பழுப்பு என்றால், அதுவும் சந்தேகம்தான். காலம் இப்படிச் சமமாகப் பங்கு போடாது. ஆசிட் போடும்.

எழுத்து, விளிம்பு, ஸ்க்ரூ

இதற்கு ஒரு லென்ஸ் போதும். பழசை மின்ன வைக்க வேண்டுமென்றால் துருக்குழிகளை முதலில் நீக்கணும். துருக்குழியை நீக்க ஒரே வழி, சுற்றியிருக்கும் இரும்பையும் அந்த ஆழத்துக்குக் கழிப்பது. பஃபிங் வீலுக்கு எது துரு, எது வரலாறு என்று தெரியாது.

எட்டுப் பட்டை பேரலின் விளிம்புகள் ஃபேக்டரியில் கத்தி மாதிரி நேராக இருக்கும். பஃப் செய்தால் உருண்டுவிடும். கம்பெனி முகவரி எழுத்துக்கள் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் கரைந்தும் இருந்தால், வீல் எந்தப் பக்கம் அழுத்தமாகப் போனது என்றே சொல்லிவிடலாம். ஸ்க்ரூ துளையைச் சுற்றி சாஸர் மாதிரி லேசான பள்ளம் விழுந்திருக்கும், ஏனென்றால் துணி வீல் துளைக்குள் கொஞ்சம் இறங்கும். துப்பாக்கி முழுக்கப் புதுசு மாதிரி இருந்து ஸ்க்ரூவின் தலை மட்டும் டிரைவர் நழுவிச் சிதைந்திருந்தாலும், துப்பாக்கி நசுங்கிக் கிடக்க ஸ்க்ரூ மட்டும் புதுசாக இருந்தாலும், இரண்டுமே கேள்விக்குரியவை.

மரக்கட்டைக்கும் இதே விதி. ஃபேக்டரியில் கட்டையை இரும்பை விட ஒரு மயிரிழை உயரமாக விட்டிருப்பார்கள். விரலால் தடவினால் இரும்பிலிருந்து மரத்துக்கு ஏறுவது தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் மரம் இரும்பை விடத் தாழ்ந்து போயிருக்கும். தேய்த்த மரம் திரும்ப வளராது.

பாகங்கள் ஒருத்தருக்கொருத்தர் சாட்சி

போலீஸ் விசாரணையில் நாலு பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்பார்களே, அது மாதிரிதான் இதுவும்.

1873 மாடல் வந்தபோது .44 அளவில் மட்டும்தான் கிடைத்தது. அதனால் ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் தோட்டா அளவே பொறிக்கப்படவில்லை, தேவையும் இல்லை. பிறகு .38 வந்தது, 1882-இல் .32 வந்தது, அதன் பிறகு அளவு குறிப்பது அவசியமானது. பேரலின் மேலும், உள்ளே இருக்கும் பித்தளை கேரியரின் அடியிலும் அளவு இருக்கும். பேரல் .44 என்று சொல்லி கேரியர் .38 என்று சொன்னால், இரண்டில் ஒன்று வேற வீட்டுப் பிள்ளை.

மெக்கானிசத்தை மூடும் டஸ்ட் கவர் மூன்று தலைமுறையாக மாறியது. முதலில் ரெசீவரிலேயே வெட்டிய பள்ளத்தில் ஓடியது, பிறகு ஸ்க்ரூ போட்டு மாட்டிய தனி ரயிலில், கடைசியில் ரெசீவரோடு சேர்ந்தே அமைந்த ரயிலில். சீரியல் நம்பர் ஒரு தலைமுறையைச் சொல்லி ரயில் இன்னொன்றைச் சொன்னால் விசாரணை தொடரணும்.

1905 முதல் வின்செஸ்டர் ஒரு நீள்வட்டத்துக்குள் 'டபிள்யூ பி' என்ற சோதனை முத்திரையைப் பேரலிலும் ரெசீவரிலும் அடிக்க ஆரம்பித்தது. 1890-இல் பிறந்த துப்பாக்கியில் அது இருந்தால், அது ஏதோ வேலைக்காகத் திரும்ப ஃபேக்டரிக்குப் போயிருக்கணும், அல்லது பேரல் பின்னால் மாட்டியதாக இருக்கணும். ஸ்பெஷலாக நல்ல மரத்தில் ஆர்டர் செய்யப்பட்ட துப்பாக்கிகளில், ரெசீவரின் பின்பட்டை, கட்டையின் உட்பக்கம், பின் தகட்டின் உட்பக்கம் மூன்றிலும் ஒரே அசெம்பிளி நம்பர் இருக்கும். விலை உயர்ந்த மரம் எப்போது சேர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஒரே ஒரு சாட்சி தப்பாகச் சொன்னால் உடனே 'போலி' என்று தீர்ப்பு எழுதிடக் கூடாது. ஃபேக்டரியே மிச்சப் பாகங்களைப் பயன்படுத்தும், ஸ்பெஷல் ஆர்டர் எடுக்கும், ரிப்பேரும் செய்யும். பல சாட்சிகள் தனித்தனியாக ஒரே பக்கம் காட்டினால்தான் முடிவு.

ஆயிரத்தில் ஒருவன்

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏமாற்ற என்ன அவசியம்? அதற்கு நல்ல உதாரணம் இந்தக் கம்பெனியிலேயே இருக்கு. 1875 கேட்டலாகில் வின்செஸ்டர் ஒரு அறிவிப்பு கொடுத்தது. சோதனையில் மிகத் துல்லியமாகச் சுட்ட பேரல்களைத் தனியாக எடுத்து, சிறப்பு ட்ரிகரும் மேலான ஃபினிஷும் கொடுத்து, 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறித்து 100 டாலருக்கு விற்போம் என்று. சாதாரண 1873 மாடல் வந்த புதிதில் சுமார் 50 டாலர். ஏழு லட்சத்துக்கு மேல் தயாரான மாடலில் இப்படிப் பொறிக்கப்பட்டவை நூற்று முப்பது சொச்சம் மட்டுமே. 1950-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த 'வின்செஸ்டர் 73' படமே இப்படி ஒரு துப்பாக்கியைச் சுற்றித்தான் நகரும். படத்தின் விளம்பரத்துக்காக, பிழைத்திருக்கும் அசல்களைத் தேடி அறிவிப்பு கொடுத்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. சாதாரணத் துப்பாக்கியின் பேரலில் நாலு வார்த்தை செதுக்கினால் விலை எங்கேயோ போகும். அதனால்தான் இங்கே பதிவேடு பேசாமல் யாரும் பணத்தை எடுப்பதில்லை.

கதை வேற, சாட்சி வேற

விற்பவர்கள் அதிகம் விற்பது துப்பாக்கியை இல்லை, கதையை. "இது இன்ன போரில் இருந்தது" என்பார்கள். ஸ்டாக்கில் பித்தளை ஆணி அடித்து, பூர்வகுடி வீரர் ஒருவருடையது என்பார்கள். பித்தளை ஆணி யார் வேணும்னாலும் எப்போ வேணும்னாலும் அடிக்கலாம்.

உண்மையான சாட்சி எப்படி இருக்கும் என்பதற்கு மொண்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் ஒரு பாடம். 1876-இல் லக்கோட்டா, செயென் வீரர்கள் கஸ்டரின் படையைத் தோற்கடித்த இடம். 1983-இல் அங்கே காட்டுத் தீ பரவிப் புல் எல்லாம் எரிந்தது. அடுத்த இரண்டு வருஷம் தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு களத்தை அளந்து, ஒவ்வொரு தோட்டாக்கூடும் கிடந்த இடத்தைக் குறித்தார்கள். ஃபயரிங் பின் அடித்த தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ஹென்றியும் 1866 மாடலும் தோட்டாவின் விளிம்பில் இரண்டு இடத்தில் அடிக்கும். 1873 நடுவில் அடிக்கும். அந்தத் தடங்களை மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றே வரைபடம் போட்டார்கள். பூர்வகுடி வீரர்களிடம் எத்தனை ரிப்பீட்டிங் ரைஃபிள்கள் இருந்தன என்ற பழைய வாதத்துக்கு அந்தக் கூடுகள்தான் ஆதாரம் கொடுத்தன.

கூடு கிடந்த இடத்தைக் குறிக்காமல் யாராவது அள்ளிக்கொண்டு போய்க் கழுவி அலமாரியில் வைத்திருந்தால்? இந்த வரைபடம் வந்தே இருக்காது.

மரத்தில் சாய்ந்திருந்த ரைஃபிள்

கடைசியாக, எனக்குப் பிடித்த கேஸ். 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், தொல்லியல் ஊழியர்கள் ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்திருந்த ரைஃபிளைப் பார்த்தார்கள். யாரோ இப்போதான் வைத்துவிட்டுப் போன மாதிரி நின்றுகொண்டிருந்தது. கட்டை வெயிலில் வெளுத்து வெடித்து மரத்தின் நிறத்துக்கே வந்திருந்தது. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. பேரலில் துரு.

வின்செஸ்டர் 1873. கோடி மியூசியம் பதிவேட்டைப் பார்த்து 1882 என்று சொன்னது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இந்த மாடல் 25,000-க்கும் மேல் தயாரானது. விலையும் 25 டாலராக இறங்கியிருந்தது. அதாவது அந்தக் காலத்தில் சாதாரண ஆள் வைத்திருக்கக்கூடிய சாதாரணத் துப்பாக்கி.

மியூசியம் அதை என்ன செய்தது? துருவை வழித்து, கட்டையை ஒட்டி, நீலம் பூசி அழகாக்கியிருக்கலாம். செய்யவில்லை. உதிரும் மரம் மேலும் உதிராமல் நிலைப்படுத்தினார்கள், அவ்வளவுதான். எக்ஸ்-ரே எடுத்தபோது கட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் அறைக்குள் ஒரு தோட்டா இருப்பது தெரிந்தது. யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் கம்பெனி தயாரித்த அந்த வகைத் தோட்டா 1887 முதல் 1911 வரை வந்தது. ஆக, அந்த ரைஃபிள் 1887-க்கு முன் அங்கே கைவிடப்பட்டிருக்க முடியாது. யாரும் கை வைக்காமல் இருந்ததால் கிடைத்த தகவல் இது.

வைத்துவிட்டுப் போனவர் யார், ஏன் திரும்பி வரவில்லை? அதற்குப் பதிவேட்டில் பதில் இல்லை. மியூசியமும் பூங்காவும் கதை கட்டவில்லை. இன்றைக்கு அது பூங்காவில் காட்சிக்கு இருக்கு, அதே வெடித்த கட்டையோடு.

நமக்கு என்ன?

இஞ்சினியர் கைக்கு ஒரு குணம் உண்டு. பழசைப் பார்த்தால் சுத்தம் செய்யத் துடிக்கும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற வீட்டில் வளர்ந்தவங்களுக்கு அது இன்னும் அதிகம். விளக்குக்கு அது சரி, தினமும் ஏற்றும் பொருள். ஆனா ஒரு பொருளின் மேற்பரப்புதான் அதன் ஒரே பதிவேடு என்றால், தேய்ப்பது என்பது பக்கத்தைக் கிழிப்பது. ரீஸ்டோர் செய்வதே பாவம் என்று நான் சொல்ல வரல. ஏற்கெனவே பஃப் செய்து பாழான துப்பாக்கியைப் பழைய முறையில் திரும்பச் செய்து, "இது ரீஸ்டோர் செய்தது" என்று எழுதி விற்பது நல்ல கைவினை. அந்த ஒரு வரியை எழுதாமல் விடும்போதுதான் அது மோசடி ஆகுது.

ஃபெயிலியர் அனாலிசிஸ் எடுத்தவங்களுக்கு இது நினைவிருக்கும். உடைந்த ஷாஃப்ட்டைக் கொண்டு வந்தால் உடைந்த முகத்தைத் தொடாதே, துடைக்காதே, இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்காதே. முதலில் ஃபோட்டோ எடு, பிறகு லென்ஸ் வை. ஃபட்டீக் கோடுகள் அந்த முகத்தில்தான் இருக்கு. ஒரு தடவை உப்புத்தாள் பட்டால் ஷாஃப்ட் ஏன் உடைந்தது என்ற பதிலும் தூளோடு போயிடும். நூற்று நாற்பது வருஷத்து வின்செஸ்டரைப் பார்க்கும் சேகரிப்பாளர் பின்பற்றுவதும் இதே வரிசைதான்.

அடுத்த தடவை வொர்க்‌ஷாப் மூலையில் ஒரு பழைய லேத்தையோ, மியூசியத்தில் ஒரு பழைய வாளையோ பார்த்தால், ஒரு நிமிஷம் நின்று விளிம்பைப் பாருங்க, எழுத்தைப் பாருங்க, ஸ்க்ரூவைப் பாருங்க. எங்கே தேய்ந்திருக்கு, எங்கே தேயல என்று பாருங்க. யார் கை எங்கே பட்டது என்று அதுவே சொல்லும். கையில் துணி எடுப்பதை மட்டும் அதுவரைக்கும் தள்ளிப் போடுங்க.